கட்டவிழ்ந்த ஏடுகள்: ஓலையிலிருந்து கணினி வரை



சென்ற பொங்கல் விழா முடிந்து பந்தியில் உட்கார்ந்திருந்தபோது நம் சங்க நூலக அறையைப் பற்றிப் பேச்சு வந்தது. "நாலு பீரோ இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்குது. வருஷத்துக்குப் பத்துப் பேர்கூடப் புத்தகம் எடுக்கிறதில்லை. யாருக்காவது தானமாக் கொடுத்திட்டு, அந்த அறையில பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் வகுப்பு வைக்கலாமே" என்றார் ஓர் அன்பர். பக்கத்தில் இருந்த என் பேரன், "கரெக்ட்தானே தாத்தா, எல்லாமே ஃபோன்லயே இருக்கே" என்றான்.

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. காரணம், அவன் சொன்னதில் பாதி உண்மை. பள்ளிப் படிப்போடு நிறுத்திவிட்டு மும்பைக்கு வந்து பாத்திரக் கடைக் கல்லாவில் உட்கார்ந்தவன் நான். எந்தப் பல்கலைக்கழக வாசலையும் மிதித்தவனல்லன். அப்படிப்பட்டவன் சமண நூல்களைப் பற்றி நாலு வரி எழுதத் துணிகிறேன் என்றால் அதற்குக் கணினி செய்த உதவி கொஞ்சமல்ல. ஆகவே கணினியைக் குறை சொல்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. பேரன் சொன்னதில் மீதிப் பாதிக்கு விடை தேடிப் பார்த்தேன். அது பழைய கதைகளில் கிடைத்தது. அதையே இங்கே எழுதுகிறேன்.

கேள்வியும் எழுத்தும்

கல்வியைக் 'கேள்வி' என்றே நம் முன்னோர் சொன்னார்கள். சமணர்களாகிய நாங்கள் ஆகமத்தைச் 'சுருதம்' என்போம். அதற்கும் கேட்கப்பட்டது என்றே பொருள். குரு சொல்ல, மாணாக்கர் கேட்டு, மனத்தில் நிறுத்தி, அடுத்தவருக்குச் சொல்லி வந்த காலம் அது. ஏடும் இல்லை, எழுத்தாணியும் இல்லை.

கேட்டு வந்தவர்கள் குறைந்துகொண்டே வந்தபோது ஒரு பெரியவருக்குக் கவலை பிறந்தது. அவர் பெயர் தரசேன ஆசாரியர். சௌராட்டிர நாட்டில் கிர்நார் மலைக் குகையில் தவம் செய்தவர். தம்மோடு ஆகம அறிவு அழிந்துவிடக் கூடாதே என்று அஞ்சித் தென்னாட்டுத் துறவியர் சங்கத்துக்குச் செய்தி அனுப்பினார். அங்கிருந்து இருவர் சென்றனர். அவர்களே புஷ்பதந்தர், பூதபலி என்று அறியப்படுபவர்கள். இது கி.பி. முதல் அல்லது இரண்டாம் நூற்றாண்டில் நடந்ததாகக் கொள்வர்.

வந்தவர்களுக்குத் தரசேனர் ஒரு சோதனை வைத்தார். இருவருக்கும் ஆளுக்கொரு மந்திரம் கொடுத்தார். ஒன்றில் ஓர் எழுத்து அதிகம், மற்றொன்றில் ஓர் எழுத்துக் குறைவு. செபித்தபோது இரண்டு தேவதைகள் தோன்றின. ஒன்றுக்குப் பல் துருத்திக்கொண்டிருந்தது, மற்றொன்றுக்கு ஒரு கண் இல்லை. தேவதைகள் இப்படி இருக்க மாட்டார்களே என்று யோசித்த இருவரும், இலக்கணப்படி மந்திரத்தைத் திருத்தி மீண்டும் செபித்தார்கள். தேவதைகள் குறையின்றித் தோன்றின. அதன் பிறகே ஆசாரியர் பாடம் சொல்லத் தொடங்கினாராம். கதையைக் கதையாகவே கொள்வோம். ஆனால் அச்சுப் பிழை திருத்துகிறவர்கள் எல்லோரும் நினைவில் வைக்க வேண்டிய கதை இது. ஓர் எழுத்துக் கூடினாலும் குறைந்தாலும் உருவம் கெட்டுப்போகும்.

பாடம் கேட்ட பின் புஷ்பதந்தர் வனவாசி நாட்டுக்கும், பூதபலி தமிழ நாட்டுக்கும் சென்றதாகத் தவளம் என்னும் பேருரை சொல்கிறது. அவ்விருவரும் எழுதி வைத்ததே ஷட்கண்டாகமம். அது எழுதி முடிந்து வழிபாடு செய்த நாளே சுருத பஞ்சமி. இன்றைக்கும் ஆனி மாதத்தை ஒட்டி வரும் அந்த நாளில் எங்கள் ஜினாலயங்களில் நூல்களை வைத்து வணங்குகிறோம். எங்கள் ஊர்களில் அன்றைக்கு ஏடுகளைக் கட்டவிழ்த்து, தூசி தட்டி, எண்ணெய் பூசி, வெயில் படாமல் உலர்த்தி, மறுபடி கட்டி வைப்பார்கள். பூஜை என்ற பெயரில் பராமரிப்பும் நடந்துவிடும்.

தானமாகக் கொடுத்த ஏடு

சமணர்க்குத் தானம் நான்கு: உணவு, மருந்து, அடைக்கலம், சாத்திரம். நூலைப் படியெடுத்துக் கொடுப்பதும் பசித்தவனுக்குச் சோறிடுவதற்குச் சமமான தர்மம். கன்னட நாட்டில் 10-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அத்திமப்பை என்ற அம்மையார், பொன்னன் இயற்றிய சாந்தி புராணத்தை ஆயிரம் படிகள் எழுதுவித்து வழங்கினார் என்பது வரலாறு. அச்சு இயந்திரம் இல்லாத காலத்தில் ஆயிரம் பிரதி! எத்தனை பனை ஓலை, எத்தனை எழுத்தர் கை, எத்தனை நாள் கூலி என்று வியாபாரி புத்தியில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தலை சுற்றியது. ஓலைக்கு ஆயுள் முந்நூறு ஆண்டுகள் என்றால் அதுவே அதிகம். மறுபடி எழுதினால்தான் நூல் பிழைக்கும். எழுத ஆள் இல்லாமல் போனவை போனவைதாம். ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றாகிய வளையாபதியில் இன்று நமக்குக் கிடைப்பவை 72 பாடல்களே.

பூட்டிய பேழை

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஷட்கண்டாகமத்துக்கு வீரசேனர் 9-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய தவளம் 72,000 கிரந்த அளவுள்ளது. இடைக்காலம் தொட்டு அதன் பழைய ஓலைப் பிரதிகள் தென் கன்னடத்து மூடபித்ரி என்ற ஊரில் மட்டுமே இருந்தன. யாத்திரிகர்கள் போவார்கள், ஏட்டைத் தரிசிப்பார்கள், வணங்குவார்கள், திரும்புவார்கள். படிக்க யாருக்கும் கொடுப்பதில்லை.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பம்பாய் நகை வணிகர் சேட் மாணிக்சந்தும், சோலாப்பூர் ஹிராசந்த் நேம்சந்தும் இதை மாற்ற முயன்றார்கள். நீண்ட பேச்சுக்குப் பின், ஊரை விட்டு வெளியே போகக் கூடாது என்ற நிபந்தனையோடு படியெடுக்கும் வேலை தொடங்கியது. அதில் ஈடுபட்ட கஜபதி உபாத்தியாயர் தம் வீட்டில் இரகசியமாகக் கன்னட எழுத்தில் இன்னொரு படி எடுத்தார். அவர் மனைவி இதற்குத் துணை நின்றார். அந்தப் படி வட நாட்டில் சஹாரன்பூருக்குப் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து பல ஊர்களுக்குப் பரவியது. பிறகு பேராசிரியர் ஹீராலால் ஜைன் 1939-இல் அமராவதியிலிருந்து முதல் தொகுதியை வெளியிட்டார். 16 தொகுதிகளும் முடிய ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆயின.

கஜபதி செய்தது சரியா, தப்பா? என் இளமையில் தப்பு என்றே வாதாடியிருக்கிறேன். கொடுத்த வாக்கை மீறலாமா? இன்று அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அவர் மீறியிருக்காவிட்டால் என்னைப் போன்றவன் தவளத்தின் ஒரு பக்கத்தையாவது பார்த்திருப்பேனா? அதே சமயம், அந்தப் பழைய ஏடுகளை எழுநூறு எண்ணூறு வருஷம் கரையானுக்கும் நெருப்புக்கும் கொடுக்காமல் காத்தவர்கள் பூட்டி வைத்த அந்த மூடபித்ரிக்காரர்களே. காத்தவரும் வேண்டும், திறந்தவரும் வேண்டும்.

மாணிக்சந்த் கட்டிய ஹீராபாக் தர்மசாலை இன்றும் நம் மும்பையில் சி.பி. டாங்க் அருகே இருக்கிறது. அங்கிருந்துதான் நாதுராம் பிரேமி பல ஆண்டுகள் நூல் வெளியிட்டார். அவரும் பல்கலைக்கழகப் பட்டம் பெறாமல் தாமாகப் படித்துப் புலமை பெற்றவர் என்பதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

கும்பகோணத்துச் சமணர் வீடு

நம் தமிழுக்கு வருவோம். 1880 அக்டோபர் 21. கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் உ.வே. சாமிநாதையர், அவ்வூர் முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்த நாள். சீவக சிந்தாமணி படித்திருக்கிறீரா என்று முதலியார் கேட்க, ஐயர் படித்ததில்லை. பிரதி கிடைத்த பிறகும் அவருக்குத் திண்டாட்டம். சொல் புரிகிறது, இலக்கணம் புரிகிறது, நச்சினார்க்கினியர் உரையும் இருக்கிறது. ஆனால் நூலுக்குள் வரும் சமணக் கருத்துக்கள் பிடிபடவில்லை. அவர் சைவச் சூழலில், திருவாவடுதுறை மடத்தில் வளர்ந்த மாணாக்கர் அல்லவா?

அப்போதுதான் உள்ளூரிலேயே சமணர் வாழ்கிறார்கள் என்று அறிந்து அவர்கள் வீட்டுக்குப் போகிறார். போன வீட்டில் தோரணமும் அலங்காரமுமாக இருக்கிறது. என்ன விசேஷம் என்றால், சிந்தாமணியைத் தொடர்ந்து படித்து அன்றுதான் நிறைவு செய்திருக்கிறார்கள்! தமிழாசிரியர்களுக்கே எட்டாதிருந்த நூல், சில தெருக்கள் தள்ளி ஒரு வீட்டில் பாராயணமாக நடந்துகொண்டிருந்தது. சந்திரநாத செட்டியார் முதலியவர்களிடம் அவர் ஐயம் கேட்டுத் தெளிந்தார். ஏழாண்டு உழைப்புக்குப் பின் 1887-இல் சிந்தாமணி அச்சில் வந்தது.

இந்த நிகழ்ச்சியை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். ஐயருக்குக் கிடைக்காமல் இருந்தது ஏடு மட்டுமல்ல, ஏட்டின் பொருள் தெரிந்த மனிதரும்தான். ஏடு கிடைப்பது அரிதாகவும், அறிந்தவர் பக்கத்துத் தெருவிலும் இருந்த காலம் அது. இன்றைக்கு நிலைமை தலைகீழ்.

கணினி வந்த கதை

1990-களின் பிற்பகுதியில் கணினியில் தமிழ் படித்தவர்களுக்கு அந்தப் பாடு தெரியும். ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஓர் எழுத்துரு. ஒன்றில் தட்டியதை இன்னொன்றில் திறந்தால் பூச்சி பூச்சியாய்த் தெரியும். தரசேனர் கதையில் வந்த ஒற்றைக்கண் தேவதைதான்! 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்ற குறியீட்டு முறைகளும் தமிழ்99 விசைப்பலகையும் அரசால் ஏற்கப்பட்டன. உலகத் தமிழர் சிலர் திஸ்கி என்ற முறையைப் பின்பற்றினர். 1991-லேயே யூனிகோடில் தமிழுக்கு இடம் கிடைத்திருந்தாலும் அது எல்லார் கணினிக்கும் வந்து சேரப் பல ஆண்டுகள் பிடித்தன.

அந்தக் குழப்பத்துக்கு நடுவில் 1998 பொங்கலன்று தொடங்கியது மதுரைத் திட்டம். சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய விஞ்ஞானி கு. கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்த, பல நாட்டுத் தமிழர்கள் சம்பளம் எதுவும் வாங்காமல், வேலை முடிந்து வந்த இரவு நேரங்களில் நூல்களைத் தட்டச்சு செய்தார்கள். ஒருவர் தட்டுவார், மற்றவர் மெய்ப்புப் பார்ப்பார். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். இதற்குச் சாத்திர தானம் என்பதைத் தவிர வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை. 2001-இல் தமிழ்நாடு அரசின் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் வந்தது. இன்று அது தமிழ் இணையக் கல்விக்கழகம். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்த புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ் எல்லாம் 1994 முதல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாகப் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. கடையை இரவு ஒன்பதரைக்கு அடைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்து நீலகேசி படித்த நாட்களை நான் மறக்க மாட்டேன். பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் 1936-இல் பதிப்பித்த அந்த நூலைக் காசு கொடுத்து வாங்கலாம் என்றால் கடையில் எங்கே கிடைத்தது?

ஆனால் திரையில் இருப்பதற்கும் ஆயுள் உண்டு. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் முன்முயற்சியால் 2000-களின் தொடக்கத்தில் உருவான இந்திய மின்னூலகத்தில் பல இலட்சம் நூல்களின் படங்கள் இருந்தன. 2017-ஐ ஒட்டி அந்தத் தளம் முடங்கிப்போனது. தன்னார்வலர்கள் அதன் நூல்களைப் பெருமளவில் முன்பே படியெடுத்து இன்டர்நெட் ஆர்க்கைவில் ஏற்றி வைத்ததால் பிழைத்தோம். கஜபதி உபாத்தியாயர் ஒருவர் அல்லர், பலர்!

நான் செய்த பிழை

இதை எழுதலாமா வேண்டாமா என்று நெடுநாள் தயங்கினேன். வந்தவாசிப் பக்கத்தில் எங்கள் பூர்விக வீட்டில் ஓர் ஏட்டுக் கட்டு இருந்தது. வாமன முனிவர் இயற்றிய மேருமந்தர புராணம். என் பாட்டனாரின் தகப்பனார் கையால் எழுதியது. சுருத பஞ்சமியன்று என் பாட்டனார் அதைப் பிரித்து, கடைசி ஓலையை மட்டும் எங்களுக்குப் படித்துக் காட்டுவார். எழுதி முடித்த வருஷம், மாதம், திதி, பிழை பொறுக்கும்படி வேண்டுதல், யாருக்காக எழுதியது என்ற விவரம் எல்லாம் அதில் இருந்தன. இளவயதில் கணவனை இழந்து பிறந்தகம் வந்துவிட்ட தன் தங்கை படிப்பதற்காக அவர் அதை எழுதினார் என்று பாட்டனார் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

2004-இல் ஊருக்குப் போனபோது அந்தக் கட்டைப் படமெடுத்து இரண்டு சிடியில் பதித்துக்கொண்டேன். ரொம்பப் பெருமை எனக்கு. மூன்று வருஷம் கழித்து வீட்டை இடித்துக் கட்டும்போது சித்தப்பா மகன் போன் செய்தான். "அண்ணா, ஏட்டை என்ன பண்றது?" "எங்கிட்ட சிடியில பத்திரமா இருக்குடா, நீ எங்கயாவது வை" என்றேன். அவன் மாட்டுக் கொட்டகைப் பரணில் வைத்தான். அடுத்த மழைக்கே நனைந்து, கரையான் தின்று, கடைசியில் குப்பையோடு போயிற்று. அவன்மேல் குற்றமில்லை. 'எங்கயாவது வை' என்றது நான்தான்.

2015-இல் ஒரு கட்டுரைக்காக அந்தக் கடைசி ஓலையைப் பார்க்கலாம் என்று சிடியைப் போட்டேன். ஓடவில்லை. மும்பை ஈரத்தில் மேல்பூச்சு உரிந்திருந்தது. மற்றதும் அப்படியே. கம்ப்யூட்டர் கடைக்காரப் பையன் விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டு, "அங்கிள், ஒரு காப்பி பென் டிரைவ்ல போட்டு வச்சிருக்கலாமே" என்றான்.

மேருமந்தர புராணம் அழியவில்லை. சக்கரவர்த்தி நயினார் அதை 1923-லேயே அச்சிட்டுவிட்டார். அழிந்தது கடைசி ஓலை. ஓர் அண்ணன் தன் தங்கைக்காக எழுத்தாணி பிடித்தான் என்பதற்கு இருந்த ஒரே சாட்சியம் அது. இப்போது நான் அதைச் சொன்னால், கேட்டவன் சொல்கிறான் என்றுதான் பேர். ஆதாரம் இல்லை.

கேட்க ஆள் வேண்டும்

இப்போது கேள்வி கேட்டால் உடனே பதில் எழுதித் தரும் செயலிகள் வந்துவிட்டன. சோதித்துப் பார்க்கலாமே என்று நீலகேசியில் ஒரு வாதத்தைப் பற்றிக் கேட்டேன். அழகான தமிழில் விடை வந்தது, கூடவே ஒரு பாடலும். நூலைப் புரட்டினால் அப்படி ஒரு பாடலே அதில் இல்லை! எனக்குக் கோபம் வரவில்லை, பயம் வந்தது. நான் நூலைப் படித்திருந்ததால் பிடித்தேன். படிக்காதவன் என்ன செய்வான்? தப்பான மந்திரத்தையும் தரசேனர் மாணாக்கரால் திருத்த முடிந்ததற்குக் காரணம், இலக்கணம் அவர்கள் உள்ளத்தில் இருந்தது.

தேடுவதும் படிப்பதும் ஒன்றல்ல. ஒரு சொல்லைத் தட்டினால் அது வரும் நாற்பது இடங்களும் நொடியில் வந்து நிற்கும். இது பெரிய வசதி, ஐயமில்லை. ஆனால் நாற்பது இடத்துக்கும் நடுவில் இருக்கும் நூல் கண்ணில் படாமலே போய்விடுகிறது. முன்பு புலமை என்றால் ஒருவர் காலடியில் உட்கார்ந்து கேட்பது. இன்று ஏடு எல்லார் கையிலும் இருக்கிறது. கும்பகோணத்துச் சமணர் வீடுதான் எங்கே என்று தெரியவில்லை.

நாம் செய்யக் கூடியது

ஆகவே அன்பர்களே, நூலக அறையைப் பற்றி என் விண்ணப்பம் இது. கம்ப்யூட்டர் வகுப்பு அவசியம் வையுங்கள், அதே அறையில், அந்தப் பீரோக்களுக்கு நடுவில். வகுப்பின் முதல் பாடமாக நம் சங்கத்தின் பழைய ஆண்டு மலர்களைப் பிள்ளைகள் ஸ்கேன் செய்யட்டும். தேடிப் பார்த்தேன், அவற்றில் ஒன்றுகூட எந்தத் தளத்திலும் இல்லை. இந்த ஊருக்கு முதலில் வந்த தமிழர் யார், எந்தச் சாலில் குடியிருந்தார்கள், என்ன தொழில் செய்தார்கள் என்ற செய்தி அவற்றில்தான் இருக்கிறது. திருக்குறள் எங்கும் கிடைக்கும். நம் கதை இந்தப் பீரோவில் மட்டுமே கிடைக்கும்.

ஒவ்வொரு புத்தகத்தின் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் விடாமல் படமெடுக்க வேண்டும். யார் யாருக்குக் கொடுத்தது, எந்தக் கல்யாணத்தில் வந்தது என்று மையில் எழுதியிருப்பார்கள். அதுதான் நம்முடைய கடைசி ஓலை. எடுத்த படத்தை ஒரே இடத்தில் வைக்க வேண்டாம். மூன்று இடத்தில் வைத்து, வருஷத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். எங்களுக்குச் சுருத பஞ்சமி போல, சங்கத்துக்கு ஆயுத பூஜை இருக்கிறதே, அன்றைக்கே செய்யலாம். படமெடுத்தாயிற்று என்று அசலை மட்டும் யாரும் 'எங்கயாவது' வைத்துவிடாதீர்கள்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம், பெரியவர் ஒருவரும் பிள்ளைகள் சிலரும் உட்கார்ந்து ஏதாவது ஒரு நூலைச் சேர்ந்து படிக்கலாம். திரையில் பார்த்தே படிக்கட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. சந்தேகம் வந்தால் கேட்க ஓர் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். முதல் மாதத்துக்கு நான் வருகிறேன். என் பேரனையும் வரச் சொல்லியிருக்கிறேன். "பார்க்கலாம் தாத்தா" என்றிருக்கிறான்.

தரசேனர் தம் அறிவை ஒப்படைக்கத் தேடியபோது ஒருவரை அழைக்கவில்லை, இருவரை அழைத்தார். ஒருவர் மறந்தால் மற்றவர் சொல்வார், ஒருவர் பிழைபட்டால் மற்றவர் திருத்துவார் என்று நினைத்திருப்பார் போலும். அந்த இருவரில் ஒருவர் நம் தமிழகம் நோக்கி வந்தார் என்பது நமக்குப் பெருமை. அந்தப் பெருமையைச் சொல்லிக்கொண்டு, இருக்கிற நாலு பீரோவையும் காலி செய்துவிடாதிருப்போமாக.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!